பதினாறு வாசல்

மூன்றாம் தடவை எண்ணியபோதும் பதினாறுதான் வந்தது. ஹெப்சிபா சுண்டுவிரலை முதல் வாசலில் நுழைத்தபடியே வைத்திருந்தாள். எடுத்தால் எங்கே தொடங்கினோம் என்பது மறந்துவிடும். வட்டமாக இருக்கிற எதை எண்ணினாலும் இதுதான் தொல்லை, தொடங்கின இடத்தை ஒரு விரலால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இடது கை விரல் மேற்கு வாசலில், வலது கை விரல் அதற்கு அடுத்த வாசலில், நடுவே அவளுடைய விளையாட்டரங்கம், இருபதாயிரம் பேர் உட்காரக்கூடியது, மூன்றரை அடிக்கு மூன்றடிப் பலகையில் வெள்ளை அட்டையால் எழும்பி இரண்டு ஸ்டூல்களின் மேல் உட்கார்ந்து அவள் முழங்காலை இடித்துக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் சுவர். இடப்பக்கம் இளவேனிலின் பேருந்து நிலையம், வலப்பக்கம் ஹரிணியின் முதியோர் மருத்துவமனை, அதற்கும் அப்பால் வராந்தா முழுக்க ஐந்தாம் ஆண்டுக் கட்டடக்கலை மாணவர்களும் அவர்கள் கட்டப்போவதாகச் சொல்லும் கட்டடங்களும். எழுந்து போக வேண்டுமென்றால் இந்தப் பக்கம் நான்கு பேர், அந்தப் பக்கம் மூன்று பேர், தங்கள் மாடலைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்பது மணிக்கு இந்த இடம் பிடித்தபோது நிழலாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டாள். இப்போது மணி பதினொன்றே கால். உள்ளே தேர்வாளரிடம் கோகுல் போயிருக்கிறான், அடுத்து ஹரிணி, அதற்கடுத்து இவள்.

பதினாறு. ஆனால் வரைபடங்களில் ஏழாம் ஷீட்டில் இருபது என்று இருக்கிறது. இருபது வாசல், வாசலுக்கு ஆயிரம் பேர், நிமிடத்துக்கு நூற்றிருபத்தைந்து பேர், மொத்தம் எட்டு நிமிடத்தில் அரங்கம் காலி. அழகான பட்டியல், இளநீலக் கோடுகள் போட்டது, கீழே அவளுடைய வழிகாட்டி வாசுகி மேடத்தின் பச்சை மைக் கையெழுத்து. முதலில் அட்டை வெட்டித் தந்த கடைக்காரர்மேல்தான் சந்தேகம் வந்தது, அவர்தான் நான்கு வாசலை விழுங்கிவிட்டார் என்று ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது. அவர்மேல் பழியைப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க பாட்டிலைத் திறந்தாள். வாயருகே கொண்டுபோன பாட்டில் அங்கேயே நின்றது. ஏனென்றால் அந்த அரங்கத்தை அவள் முழுதாக வரையவே இல்லை. யாரும் வரைவதில்லை. கால் பங்கை வரைந்து, கம்ப்யூட்டரில் கண்ணாடிப் பிம்பம் எடுத்து அரையாக்கி, அரையை இன்னொரு தடவை பிம்பமெடுத்து முழுசாக்குவது. கால் பங்கில் ஐந்து வாசல். நாலைந்து இருபது. ஆனால் அந்த ஐந்தில் முதல் வாசலும் கடைசி வாசலும் பிம்பக் கோட்டின் மேலேயே இருந்தன, பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். இந்தக் கால் பங்கின் கடைசி வாசலும் அடுத்த கால் பங்கின் முதல் வாசலும் ஒரே வாசல். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, நான்கு திசையிலும் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எண்ணியிருக்கிறாள். எண்ணவில்லை, அதுதான் விஷயம். பெருக்கியிருக்கிறாள். மூன்று மாதத்துக்கு முன்னால் வாசுகி மேடம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, எண்ணிப் பாத்துட்டீங்கல்ல, என்று கேட்டார். எண்ணிட்டேன் மேடம், என்று இந்த வாய்தான் சொன்னது. பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லை. நாலைந்து இருபது என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயமா என்ன.

கதவு திறந்தது, கோகுல் வந்தான், வராந்தாவே ஒரே குரலில், என்ன கேட்டாரு, என்றது. காலையிலிருந்து வெளியே வருகிற ஒவ்வொருவரிடமும் இதே கேள்விதான், வேறு எதுவும் கேட்கத் தோன்றுவதில்லை யாருக்கும். என் லைப்ரரில வெயில் எந்தப் பக்கம் வரும்னாரு, என்றான் கோகுல், நாப்பது நிமிஷம் அதையேதான் கேட்டாரு. சென்னையிலிருந்து வந்திருக்கும் தேர்வாளர் அப்படித்தானாம், ஒரு நூல் கிடைத்தால் விடமாட்டாராம், போன வருடம் ஒரு பெண்ணின் கட்டடத்தில் கழிவறைக்குப் போக சமையலறை வழியாகப் போக வேண்டியிருந்ததைக் கண்டுபிடித்து, ஆறு மாதம் கழித்து வா என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். ஹரிணி எழுந்தாள், எல்லாரும் மாடலைத் தூக்கி மடியில் வைத்தார்கள், ஹரிணி தாண்டிப் போனாள், எல்லாரும் மறுபடி இறக்கி வைத்தார்கள். ஹெப்சிபா கணக்குப் போட்டாள். இருபதாயிரத்தைப் பதினாறால் வகுத்தால் ஆயிரத்து இருநூற்றைம்பது. அதை நூற்றிருபத்தைந்தால் வகுத்தால் பத்து. பத்து நிமிடம். எட்டு நிமிடத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. இரண்டே இரண்டு நிமிடம்தான் கூடுதல். ஒரு டீ ஆறுகிற நேரம்கூட இல்லை. இப்படிச் சொல்லிக்கொண்டபோது தேறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு நிமிடம் என்ற சொல் உள்ளே போய் எதிலோ மாட்டிக்கொண்டது, சட்டை நுனி ஆணியில் மாட்டுவதுபோல, எந்தப் பக்கம் இழுத்தாலும் கிழியும் என்று தெரிந்தது. அவள் வாழ்க்கையில் இரண்டு நிமிடம் என்பதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

ரெண்டே நிமிசம், அதுக்கு இந்தப் பிள்ள போட்ட கூப்பாடு இருக்கே. அப்பா அதைச் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. அப்பா உடற்கல்வி ஆசிரியர், தங்கதுரை மாஸ்டர் என்றால் அவர்கள் ஊர்ப்பக்கம் மூன்று தலைமுறைக்குத் தெரியும், அவர் சொன்னால் கூட்டம் சிரிக்கும், அவளும் சேர்ந்து சிரிப்பாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது, தம்பி கிப்சனுக்கு ஐந்து. கால்பந்து இறுதிப் போட்டி, ஊர் மைதானம், கடைசி கால் மணி நேரத்தில் சடசடவென்று மழை. எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். மைதானத்துக்கு ஒரே கேட், இரட்டைக் கதவு, அதில் ஒன்றைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள், டிக்கெட் கிழிக்க வசதியாக இருக்கட்டும் என்று. அப்பா தம்பியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார், இவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கை இல்லை. அது எப்படி இல்லாமல் போனது என்பதை அவள் ஆயிரம் தடவை யோசித்திருக்கிறாள், மழையில் நழுவியிருக்கும், நடுவில் யாராவது நுழைந்திருப்பார்கள். கையிருந்த இடத்தில் ஒரு கட்டம் போட்ட சட்டையின் முதுகு வந்தது. அதில் முகம் பதிந்தது. ஈரத்துணியும் வியர்வையும் பீடியும் சேர்ந்த வாசனை. முகத்தைத் திருப்ப முடியவில்லை. கால் தரையில் இல்லை, ஒரு செருப்பு இல்லை, யாரும் தூக்கவில்லை, ஆனாலும் அந்தரத்தில் இருந்தாள். மூச்சை வெளியே விட முடிந்தது, உள்ளே இழுக்க முடியவில்லை. விட்ட இடத்தைக் கூட்டம் எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சு கொஞ்சம் சின்னதாகிக்கொண்டே போனது. அவள் கூப்பாடு போட்டாள் என்கிறார் அப்பா. கூப்பாடு போட மூச்சு வேண்டாமா. அவளுக்குத் தெரிந்து அவள் ஒரு சத்தமும் போடவில்லை. யாரும் சாகவில்லை, இரண்டு பேருக்குக் கை முறிந்தது, அதனால் பேப்பரிலும் வரவில்லை. எதிரே டீக்கடையில் அப்பா அவளுக்குப் பால் வாங்கிக் கொடுத்து, ஒண்ணுமில்ல மக்ளே, ரெண்டு நிமிசந்தான், என்றார். அப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அதனால்தான் விளையாட்டரங்கம். இறுதி ஆண்டுத் திட்டத்துக்குத் தலைப்பு கொடுக்கச் சொன்னபோது எல்லாரும் நூலகம், மருத்துவமனை, விமான நிலையம் என்று எழுதிக்கொடுக்க, இவள் மட்டும் ஸ்டேடியம் என்று எழுதினாள். ஏன் என்று கேட்டதற்கு, நகரத்தின் விளையாட்டுப் பண்பாட்டுக்கு ஓர் அடையாளம் என்று முதல் ஷீட்டில் எழுதிவைத்தாளே தவிர, எனக்கு ஒரு நல்ல கேட் கட்டணும் மேடம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கேட்டுக்காக வந்தவள் கூரையில் விழுந்தாள். கூரை இருக்கிறதே, அது ஆளை மயக்கும். நடுவில் ஒரு தூண் இல்லாமல் அறுபது அடி முன்னால் நீட்டிக்கொண்டு வருகிற கூரை, எந்தக் கோணத்தில் படம் எடுத்தாலும் அழகாக விழும், வகுப்பில் எல்லாரும் வந்து பார்த்தார்கள், வாசுகி மேடம் மற்ற ஆசிரியர்களைக் கூட்டிவந்து காட்டினார். கூரைக்கு நான்கு மாதம் ஆனது. வாசலுக்கு ஒரு மதியம், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு, தூக்கக் கலக்கத்தில். இப்போது நினைத்தால் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. கேட்டுக்குச் சங்கிலி போட்ட அந்த ஆளைப் பதின்மூன்று வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறாள், அவனாவது டிக்கெட் கிழிப்பதற்காகச் செய்தான். பைக்குள் கட்டர் இருக்கிறது. நான்கு திசை வாசலையும் இரண்டு மடங்கு அகலமாக்கிவிட்டால் என்ன. ஐந்து நிமிட வேலை, அட்டைதானே. பன்னிரண்டும் நான்கிரண்டு எட்டும் இருபது, அவை இரட்டை வாசல் சார் என்று சொல்லிவிடலாம், கணக்கு கச்சிதமாகப் பூசி மெழுகினமாதிரி இருக்கும். பைக்குள் கையை விட்டு கட்டரைத் தொட்டும் விட்டாள். இரும்பு சில்லென்று இருந்தது. குனிந்து வடக்கு வாசலைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒட்டினாற்போலத் தூண். அந்த அழகான கூரையைத் தாங்குகிற தூண். வாசலை அகலமாக்கினால் கூரை நிற்காது. கையை வெளியே எடுத்துக்கொண்டாள்.

சரி, சும்மா இருந்தால் என்ன. யாரும் எண்ணப்போவதில்லை. வாசுகி மேடம் எண்ணவில்லை, வெட்டின கடைக்காரர் எண்ணவில்லை, ஐந்து மாதம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த இளவேனில் எண்ணவில்லை. தேர்வாளர் கூரையைப் பார்த்துச் சொக்கிப்போவார், எல்லாரும் சொக்கியிருக்கிறார்கள். இது கட்டப்போகிற கட்டடமே இல்லை. இந்த இருபதாயிரம் பேரும் எந்தக் காலத்திலும் பிறக்கப்போவதில்லை. மழை வராது, யாரும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கமாட்டார்கள். மாடலில் அவளே ஒட்டிய ஆட்கள் நாற்பது பேர், அரிசி உயரம், அதில் எட்டுப் பேருக்குக் கை கிடையாது. இவர்களுக்காகவா ஆறு மாதத்தைத் தூக்கிக் கொடுப்பது. ஜூலையில் பெங்களூரில் வேலை, கடிதம் வந்துவிட்டது, தேர்ச்சி பெற்றால் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. ஆறு மாதம் என்றால் அக்டோபர். எல்லாரும் காலி செய்துவிட்டுப் போன விடுதியில், யாருமில்லாத மெஸ்ஸில், நான்காம் ஆண்டு படிப்பவர்களோடு ஒரு மேசையைப் பகிர்ந்துகொண்டு, இதே கால் பங்கு அரங்கத்தை மறுபடி திறந்து உட்காருவது. வராந்தாவின் அந்தக் கோடியில் இன்னொரு படிக்கட்டு இருக்கிறது, அதற்கு மடக்குக் கேட் போட்டு வருடம் முழுக்கப் பூட்டித்தான் வைத்திருப்பார்கள், மாணவர்கள் அந்தப் பக்கமாக நழுவிவிடுவார்களாம். கட்டடக்கலை சொல்லித்தருகிற கட்டடம். இப்போது இங்கே ஏதாவது ஒன்று என்றால் இந்த நாற்பது பேரும் நாற்பது மாடலும் ஒரே படிக்கட்டில்தான் இறங்க வேண்டும். இதை நினைத்திருக்கக் கூடாது. இளவேனிலின் தோள் இடப்பக்கம் இடித்துக்கொண்டிருந்தது, இவ்வளவு நேரம் அது தெரியவில்லை. எதிரே யாரோ ஒரு பையன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான், நல்லவேளை கட்டம் போட்ட சட்டை இல்லை. மூச்சை வெளியே விட்டாள். உள்ளே இழுத்தாள். வந்தது. வருகிறதா என்று சோதித்துக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் வராமல் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும், தெரிந்தும் சோதித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. பதினாறு வரைக்கும் எண்ணினாள். எதை எண்ணினாலும் பதினாறில் போய் நின்றது.

"ஏண்டி ஒரு மாதிரி இருக்க?" என்றாள் இளவேனில். "தண்ணி குடி."

"குடிச்சிட்டேன்."

"உனக்கென்னடி பயம். கூரையக் காட்டு, வாயப் பொளந்துட்டு மார்க்க போட்ருவாரு. என்னை நெனச்சுப் பாரு, பஸ் உள்ள வந்துரும், திரும்பி வெளிய போகுமான்னு எனக்கே தெரியல."

ஹெப்சிபா சிரித்தாள். சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொன்னால் இளவேனில், விடுடி, யாரு எண்ணப்போறா, என்பாள், அதைக் கேட்கத்தான் தனக்கு ஆசையாக இருக்கிறது என்பது புரிந்ததும் வாயை மூடிக்கொண்டாள். மடியில் போன் அதிர்ந்தது. அப்பா. இரண்டாம் பீரியடுக்கும் மூன்றாம் பீரியடுக்கும் நடுவில் கூப்பிடுவார், பின்னால் விசில் சத்தமும் பிள்ளைகள் சத்தமும் கேட்கும்.

"முடிஞ்சிட்டா மக்ளே?"

"இல்லப்பா. இன்னும் ஒரு ஆளு இருக்கு."

"பயப்படாத, என்ன. தெரிஞ்சதச் சொல்லு. தெரியாதத அவங்களே சொல்லுவாங்க."

"அப்பா, ஒண்ணு கேக்கட்டா. அன்னைக்கு மழையில, கிரவுண்டு கேட்டுல, ரெண்டு நிமிசம்னு சொல்லுவீங்கள்லா. வாச்சுப் பாத்தா சொன்னீங்க?"

"இப்ப எதுக்கு அது?"

"சும்மாதான். ஒரு கணக்குக்கு."

அந்தப் பக்கம் யாரையோ, ஏலே, பந்த அங்கன வையி, என்று விரட்டினார். பிறகு நடந்து வேறெங்கோ போனமாதிரி பிள்ளைகளின் சத்தம் தேய்ந்தது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று அவள் திரையைப் பார்த்தாள். அறுபடவில்லை.

"வாச்ச எங்க பாக்க," என்றார். "பத்து நிமிசம் இருக்கும் மக்ளே. அதுக்கு மேலயே இருக்கும். தம்பி மேல இருந்து சரிஞ்சிட்டான், கீழ விழுந்தா மிதிச்சே போட்டுருவாங்கன்னு ரெண்டு கையாலயும் அவனப் பிடிச்சிட்டேன். பொறவு திரும்பிப் பாத்தா நீ எங்கன நிக்கன்னே தெரியல. உங்கம்மைட்ட போயி அத எப்பிடிச் சொல்ல. ரெண்டு நிமிசம்னு சொன்னேன். ஒரு தடவ சொல்லியாச்சு, அதுக்குப் பொறவு மாத்த முடியல. சிரிப்பாணி ஆக்கிட்டேன்."

ரெண்டு கையாலயும். அவ்வளவுதானா. பதின்மூன்று வருடமாக நழுவிக்கொண்டும் யாரோ நடுவில் நுழைந்துகொண்டும் இருந்த கை, கடைசியில் வேறொரு வேலையாகப் போயிருக்கிறது. கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. அப்பாமேல் பாவமாக இருந்தது, அதைவிட, ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சேர்ந்து சிரித்த அந்தப் பெண்மேல் பாவமாக இருந்தது.

"ஹலோ," என்றார் அப்பா. "இருக்கியா?"

"இருக்கேம்பா."

"கேக்கணும்னா வீட்டுக்கு வந்து கேட்டிருக்கலாம்லா. சரி, பாத்துச் செய்யி. பெல் அடிச்சிட்டு. வைக்கேன்."

ஹரிணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். என்ன கேட்டாரு, என்றது வராந்தா. ஸ்ட்ரெச்சர் எப்படித் திரும்பும்னாரு. யாரும் சிரிக்கவில்லை. ஒன்பது, ஹெப்சிபா, என்று அலுவலக உதவியாளர் சந்தானம் அண்ணன் வாசலில் நின்று கூப்பிட்டார். மாடல்கள் எல்லாம் மடிக்கு ஏறின. இவ்வளவு நேரம் மடக்கி வைத்திருந்த கால் மரத்துப்போயிருந்தது, நொண்டிக்கொண்டே பலகையைத் தூக்கினாள். தேர்வு அறைக்கு இரட்டைக் கதவு, ஏசி ஓடுவதால் ஒரு கதவுக்கு மேலே தாழ்ப்பாள் போட்டிருப்பார்கள். சந்தானம் அண்ணன் எக்கி அதைத் திறந்துவிட்டார், அவள் அரங்கத்தோடு உள்ளே போனாள், பின்னால் அவர் மறுபடி தாழ் போடுகிற சத்தம் கேட்டது. உள்ளே குளிர். தேர்வாளர் மெலிந்த ஆள், வெள்ளை அரைக்கைச் சட்டை, பயந்ததுபோல அவரிடம் ஒன்றுமில்லை. வாசுகி மேடம் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தைரியமா சொல்லுங்க என்பதுபோலத் தலையசைத்தார். அவள் சொன்னாள். மனை, காற்று, வெயில், இருக்கை, கூரை. வாய் தானாகப் பேசியது, ஐந்து மாதமாகப் பேசிப் பழகின வாய். அவர் எழுந்து வந்து கூரைக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்தார், ஒரு விரலால் அதன் ஓரத்தைத் தொட்டார். இதுக்கு எதிர்ப்பக்கம் எடை எங்க இறங்குதும்மா, என்றார். சொன்னாள். சரியா இருக்கு, என்றார். ஷீட்டுகளைப் பார்த்துக்கொண்டு நடந்தார். மூன்று, நான்கு, ஐந்தில் நின்றார், ஆறைத் தாண்டினார், ஏழின் முன்னால் வந்தபோது கடிகாரத்தைப் பார்த்தார். கூரை ரொம்ப நல்லா வந்திருக்கு மேடம், என்று வாசுகி மேடத்திடம் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்து, தாளில் ஓர் எண்ணை எழுதினார். எண்பதோ எண்பத்தாறோ, தலைகீழாகத் தெரிந்தது. போகலாம்மா, என்றார். வாசுகி மேடம் அவளைப் பார்த்துச் சிரித்தார், மேடம் பல் தெரியச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

முடிந்துவிட்டது. ஒன்றுமே இல்லை, பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. தேங்க்யூ சார், தேங்க்யூ மேடம் என்றாள். பலகையைத் தூக்கிக்கொண்டு கதவருகே வந்தாள். ஒரு கதவுதான் திறந்தது. சந்தானம் அண்ணனைக் காணவில்லை, சாப்பாட்டுக்குச் சொல்லப் போயிருப்பார். திறந்த பாதிக் கதவுக்கு வெளியே முகங்கள், என்ன கேட்டாரு என்று இப்போதே கேட்கத் தொடங்கிவிட்ட முகங்கள். சாய்ச்சு எடுத்துட்டு வாடி, என்றாள் இளவேனில். சாய்த்தால் கூரை விழும், அது நான்கு ஊசியில்தான் நிற்கிறது. பின்னால் போகவும் முன்னால் போகவும் இல்லாமல் நின்றாள். இரண்டு கையிலும் பலகை. வெளியிலிருந்து யாரோ உதவுகிறேன் என்று கதவை இன்னும் அழுத்தித் தள்ள, பலகையின் விளிம்பு அவள் நெஞ்சில் அழுந்தியது. மூச்சு வெளியே போனது. உள்ளே வரவில்லை. சங்கிலி போட்ட கதவு, ஒரு பக்கம். கட்டம் போட்ட முதுகு. அன்றும் இதே உயரத்தில்தான் அவள் முகம் இருந்தது. இரண்டு நிமிடம் என்று சொல்லிவிட்டால் இரண்டு நிமிடம், எட்டு என்று போட்டுவிட்டால் எட்டு, பிறகு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வேண்டும், பெங்களூரில், வேறு ஊர்களில், உண்மையாகவே கட்டுகிற கட்டடங்களில், நாலைந்து இருபது என்று. பலகையோடு மெதுவாகப் பின்வாங்கி, திரும்பி, அதை அவர் மேசைமேல், அந்தத் தாளின் மேலேயே வைத்தாள்.

"சார், வாசல் பதினாறுதான்."

"என்னம்மா?"

"ஏழாவது ஷீட்ல இருபதுன்னு போட்டிருக்கேன். தப்பு. பதினாறுதான் இருக்கு. வெளிய வர எட்டு நிமிஷம் இல்ல சார், பத்து நிமிஷம் ஆகும்."

வாசுகி மேடத்தின் முகத்தை அவள் பார்க்கவில்லை. தேர்வாளர் பேனாவின் மூடியால் மாடலின் வாசல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தார், நடுவில் விட்டுப்போய், மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மேற்கு வாசலில் விரலை வச்சுக்கோங்க சார், இல்லன்னா தப்பிரும், என்றாள் அவள். அவர் வைத்துக்கொண்டார். பதினாறு.

"எப்ப தெரிஞ்சுது?"

"இப்பதான் சார். வெளிய உக்காந்திருக்கும்போது."

"அதுக்கு முன்னாடி எண்ணலையா?"

"பெருக்கிட்டேன் சார்."

அவர் பலகையைக் கொஞ்சம் தள்ளித் தாளை உருவினார். முன்பு எழுதிய எண்ணின் குறுக்கே ஒரு கோடு போட்டார், கோடு நேராக இருந்தது, பக்கத்தில் வேறு எதையோ எழுதினார். இந்தத் தடவை கை மறைத்தது. எழுதிவிட்டு அவரே எழுந்து போய், எக்கி, மேல்தாழ்ப்பாளை இழுத்துவிட்டார். இரண்டு கதவும் திறந்தன.

வராந்தாவில் அவளுக்கு வழிவிட எல்லாரும் மாடலை மடியில் தூக்கி வைத்திருந்தார்கள்.

"என்னடி கேட்டாரு?" என்றாள் இளவேனில்.

"ஒண்ணும் கேக்கல," என்றாள் ஹெப்சிபா. "நான்தான் சொன்னேன்."